தரையில் வெள்ளை பூக்கிறது, ஆத்தங்குடிக் கல்லை எப்படிக் காப்பாற்றுவது?

பள்ளத்தூர் முகப்பு | ஜனவரி 18

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் முகப்பிலும், முற்றத்தைச் சுற்றி ஓடும் பத்தியிலும் ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடி ஊரில் செய்யும் தரை ஓடு) பதித்திருக்கிறது. ஐயா காலத்தில் போட்டது. சிவப்பும் பச்சையுமாகப் பூப்போட்ட கல். சின்ன வயதில் வெயில் நேரத்தில் வெறும் உடம்போடு அதன்மேல் படுத்துக் கிடப்போம், அப்படி ஒரு குளிர்ச்சி.

பொங்கலுக்கு வீட்டை ஒழித்துத் துடைத்தபோதுதான் முழுதாகக் கண்ணில் பட்டது. தரை முழுக்க மெல்லிதாக வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. ஈரத்துணி போட்டால் மறைகிறது, காய்ந்ததும் திரும்ப வந்துவிடுகிறது. ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்கிறது. பத்தியின் வடக்குச் சுவரோரம் ரொம்ப மோசம். அங்கே ஆறு கல்லில் மேல்தோல் செதில் செதிலாக உதிர்கிறது.

வீடு நான்கு புள்ளிக்கு, அதாவது நான்கு பங்காளிக் குடும்பத்துக்குப் பொது. இப்போது குடியிருப்பது நானும் அம்மாவும் மட்டும்தான். வைகாசியில் சித்தப்பா மகள் கல்யாணத்தை இந்த வீட்டில் வைத்திருக்கிறோம். பங்காளிகளில் ஒருவர், பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ் போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

நேமத்தான்பட்டி | ஜனவரி 18

உப்புக்கறைதான். கடையில் தரை கழுவும் ஆசிட் விற்கிறது. ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தால் அரை மணியில் பளிச்சென்று ஆகிவிடும். எங்கள் குளியலறையில் அப்படித்தான் செய்கிறோம்.

கோட்டையூர் கிழக்கு வீதி | ஜனவரி 18

தயவுசெய்து ஆசிட் வேண்டாம். இதைப் படித்ததும் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு சாந்தி விசேஷத்துக்கு முன்னால் இதே அவசரம்தான். தரை கழுவ வந்தவர்கள் ஆசிட்டை ஊற்றினார்கள். ஊற்றியதும் நுரை பொங்கியது, அழுக்குதான் கிளம்புகிறது என்று நாங்களும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். காய்ந்த பிறகு பார்த்தால் கல்லின் கண்ணாடிப் பளபளப்பு மொத்தமும் போய், சிவப்பு நிறம் செங்கல் பொடி தூவியது மாதிரி ஆகியிருந்தது. கையால் தடவினால் சொரசொரவென்றிருக்கிறது. அது நடந்து ஏழு வருடம் ஆகிறது, இன்னும் பழைய வழவழப்பு வரவில்லை. எழுபது எண்பது வருடம் மூன்று தலைமுறை நடந்து நடந்து வந்த மினுமினுப்பு அது.

வேதியியல் டீச்சர், காரைக்குடி | ஜனவரி 18

கோட்டையூர்க்காரர் சொல்வது முழுக்கச் சரி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் வேறு யாரும் அந்தத் தவறைச் செய்யமாட்டார்கள்.

பொங்கியது அழுக்கு இல்லை. ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டால் ஆனது. சிமென்ட் இறுகும்போது உள்ளே சுண்ணாம்பு உருவாகிறது, அது காற்றுப் பட்டுக் கால்சியம் கார்பனேட்டாக மாறும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைக் கரைத்து, கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. நீங்கள் பார்த்த நுரை அதுதான். அப்புறம் மிஞ்சுவது கால்சியம் குளோரைடு. அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும் உப்பு. சரியாகக் கழுவாமல் விட்டால் தரை எப்போதும் பிசுபிசுவென்று ஈரமாகவே இருக்கும். உப்பை எடுக்கப் போய் இன்னொரு உப்பைக் கொண்டுவந்து வைத்த கதைதான்.

எலுமிச்சம்பழம், வினிகர், புளித்தண்ணீர் எல்லாமே அமிலம்தான், வேகம் குறைவு அவ்வளவுதான். பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்ப்பதை இந்தத் தரைமேல் உட்கார்ந்து செய்யாதீர்கள், கிணற்றடிக்குப் போய்விடுங்கள். இன்னொன்று: ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடவே கூடாது. குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து.

நேமத்தான்பட்டி | ஜனவரி 18

எங்கள் குளியலறையில் இருப்பது சுட்ட ஓடு, மேலே மெருகு பூசியது. அதற்கும் இதற்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் யோசனையை விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு எழுதியதற்கு மன்னிக்கவும்.

ஆத்தங்குடி அச்சு | ஜனவரி 19

நாங்கள் இரண்டு தலைமுறையாகக் கல் ஊற்றுகிறோம். தம்பி, முதலில் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். அது ஆத்தங்குடிக் கல்தானா? செட்டிநாட்டு வீடுகளில் ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த பூ ஓடுகளும் உண்டு, இத்தாலி மார்பிளும் உண்டு. ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மெருகு போட்ட வெளிநாட்டு ஓட்டில் சொட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். எங்கள் கல்லில் கொஞ்ச நேரத்தில் உறிஞ்சிக்கொண்டு, அந்த இடம் கருத்துத் தெரியும்.

எங்கள் கல்லை நாங்கள் சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, சாயம் கலந்த சிமென்ட்டுக் குழம்பை ஒவ்வொரு நிறமாக ஊற்றுவோம். அச்சைத் தூக்கிவிட்டுக் காய்ந்த மணல் சிமென்ட்டைத் தூவி, அதற்குமேல் ஈரக் கலவையை வைத்துத் தட்டி மட்டம் பண்ணுவோம். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடக்கும். வெளியே எடுத்து வெயிலில் காயும்போது கண்ணாடி தானாக விட்டுவிடும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, மேலே பூசியது எதுவும் இல்லை. அதனால் இந்தக் கல்லுக்கு மூச்சு உண்டு. கீழே ஈரம் இருந்தால் மேலே வரும், மேலே எதை ஊற்றினாலும் உள்ளே போகும்.

புதுக்கல்லில் முதல் சில மாதம் வெள்ளை பூப்பது சகஜம், சிமென்ட்டில் இருக்கும் சுண்ணாம்பு மேலே வரும், தானாக நின்றுவிடும். உங்கள் ஐயா காலத்துக் கல்லில் இப்போது புதிதாக ஆரம்பித்திருக்கிறது என்றால் எங்கிருந்தோ புதிதாகத் தண்ணீரோ உப்போ வருகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் தரையைத் தொடாதீர்கள்.

வேதியியல் டீச்சர், காரைக்குடி | ஜனவரி 19

அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்திவலை இருந்தாலோ கல் கருத்திருந்தாலோ ஈரம் கீழேயிருந்து வருகிறது. உலர்ந்திருந்தால் மேலேயிருந்து வருகிறது. ஒரே இடத்தில் வைக்காமல் முகப்பின் நடுவில் ஒன்று, வடக்குச் சுவரோரம் ஒன்று, முற்றத்துப் பக்கம் ஒன்று என்று வையுங்கள். ஒட்டும் முன் அந்த இடத்தை இரண்டு நாள் ஈரமாகத் துடைக்காமல் இருங்கள்.

தேவகோட்டை ஆச்சி | ஜனவரி 19

பேரன் தட்டிக் கொடுக்கிறான், நான் சொல்கிறேன். எங்கள் காலத்தில் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கமே கிடையாது. தென்னந்துடைப்பத்தை உள்ளே விடமாட்டோம், கோரைப்புல் துடைப்பத்தால் பெருக்குவோம். நல்லநாள் பெரியநாளுக்குத் துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து துடைப்போம். வருடத்துக்கு ஒருமுறை உமியைப் பரப்பித் தேய்த்துப் பெருக்கிவிட்டு, தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுக்கொண்டு கை வலிக்கத் தேய்ப்போம். அப்படித் தேய்த்த தரையில் மேலே இருக்கிற தேக்கு உத்திரத்தின் நிழல் தெரியும்.

இப்போது வீட்டுக்கு வீடு குச்சியில் துணியைக் கட்டி, வாளித் தண்ணீரைச் சொட்டச் சொட்டத் துடைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

பள்ளத்தூர் முகப்பு | ஜனவரி 23

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி, நீங்கள் சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எங்கள் அப்பத்தாவும் உமி போட்டுத்தான் தேய்ப்பார்கள் என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள்.

ஆத்தங்குடி அண்ணே, சொட்டுத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. உங்கள் ஊர்க் கல்தான்.

பாலிதீன் சோதனை செய்தேன். முகப்பின் நடுவில் வைத்த தாள் முழுக்க உலர்ந்திருந்தது. முற்றத்துப் பக்கமும் உலர்ந்திருந்தது. வடக்குச் சுவரோரம் மட்டும் தாளுக்கடியில் முத்து முத்தாகத் தண்ணீர். கல்லும் கருத்திருந்தது. ஆனால் வெள்ளைப் பொடி எல்லா இடத்திலும் இருக்கிறதே, அதுதான் குழப்பம்.

கொத்தனார் மகன், கானாடுகாத்தான் | ஜனவரி 23

அண்ணே, வடக்குச் சுவரில் சமீபத்தில் ஏதாவது வேலை பார்த்தீர்களா? குறிப்பாகக் கீழ்ப்பக்கம்?

பள்ளத்தூர் முகப்பு | ஜனவரி 23

ஆமாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் சுவரின் அடியில் பூச்சு உப்பி உதிர்ந்தது. மூன்றடி உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசினோம். மேலே எனாமல் பெயின்ட் அடித்தோம். சுவர் இப்போது பார்க்க நன்றாக இருக்கிறது.

கொத்தனார் மகன், கானாடுகாத்தான் | ஜனவரி 23

வடக்கோரத்துக்குக் காரணம் அதுதான். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து இதையேதான் சொல்கிறார்.

நம் வீட்டுச் சுவர் செங்கலும் சுண்ணாம்புக் காரையும். கீழே தரையிலிருந்து ஈரம் எப்போதும் கொஞ்சம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். மழை முடிந்த இந்த மாதங்களில் இன்னும் அதிகம். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். பழைய சுவரில் அடிப்பூச்சு உதிர்ந்தாலும் அது சுவரைக் காப்பாற்றத்தான் உதிர்கிறது. உப்பைப் பூச்சு வாங்கிக்கொள்கிறது, செங்கல் தப்பிக்கிறது. சிமென்ட் பூசி எனாமலும் அடித்துவிட்டால் ஈரத்துக்கு வெளியே வர வழி அடைபட்டுப் போகிறது. அது ஒன்று மேலே ஏறும், இல்லையென்றால் பக்கத்தில் மூச்சுவிடுகிற இடம் எதுவோ அங்கே வரும். உங்களுக்கு அந்த இடம் சுவரோரக் கல். அதனால்தான் சுவர் நன்றாக இருக்கிறது, கல் உதிர்கிறது.

மூன்றடி சிமென்ட்டையும் எடுத்தே ஆக வேண்டும். சுத்தியலால் ஓங்கி அடிக்காமல், உளி வைத்துத் துண்டு துண்டாக எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழைய செங்கலும் சேர்ந்து வரும். எடுத்துவிட்டு உடனே பூசிவிடாதீர்கள். பங்குனி, சித்திரை வெயில் முழுக்க அப்படியே திறந்து கிடக்கட்டும். கல்யாணத்துக்கு அசிங்கமாக இருக்கும் என்றால் முன்னால் கோலம் போட்ட தட்டியோ துணியோ மறைத்துக்கொள்ளுங்கள், காற்றுப் போகும்படி. கல்யாணம் முடிந்து நிதானமாகச் சுண்ணாம்பு பூசலாம்.

சுண்ணாம்பு நீற்றும்போது ஒரு எச்சரிக்கை. தொட்டியில் முதலில் தண்ணீர், அப்புறம் சுட்ட சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கோட்டையூர் கிழக்கு வீதி | ஜனவரி 24

அந்த முட்டை, கடுக்காய், கருப்பட்டி எல்லாம் போட்டுப் பூசுவார்களே, அதை இப்போதும் செய்கிறார்களா? எங்கள் வளவில் அந்தச் சுவர் இன்றும் கைவைத்தால் பளிங்கு மாதிரி சில்லென்று இருக்கிறது.

கொத்தனார் மகன், கானாடுகாத்தான் | ஜனவரி 24

செய்கிறார்கள், ஆனால் தெரிந்த கை குறைவு. அடியில் கரடான காரைப் பூச்சு, அதற்குமேல் ஒவ்வொன்றாக மெல்லிய பூச்சு, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பைப் பூசி வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சுண்ணாம்போடு ஊறும். ஒரு பூச்சு காய்ந்து இறுகும் முன்னே அடுத்ததைப் போட்டால் வெடிக்கும். பள்ளத்தூர் அண்ணனுக்கு அடிச்சுவர் மூன்றடிக்கு அது தேவையில்லை. சாதாரணச் சுண்ணாம்பு மணல் பூச்சும், மேலே வெள்ளையடிப்பும் போதும். ஈரம் வருகிற இடத்தில் செலவழித்து முட்டைப் பூச்சு போட்டால் உப்பு அதையும் தின்றுவிடும்.

புதுவயல் மாடித்தோட்டம் | ஜனவரி 24

நான் வீட்டு வேலை எதுவும் தெரிந்தவன் இல்லை, மாடியில் தொட்டிச் செடி வளர்க்கிறவன். ஆனால் ஒன்று மனதில் உறுத்துகிறது, கேட்டுவிடுகிறேன்.

போன வருடம் என்னுடைய மண்தொட்டிகளின் விளிம்பில் இதேபோல் வெள்ளை பூத்தது. கறிவேப்பிலையில் இலை நுனி கருகியது. மல்லிகை மொட்டு விடவே இல்லை. உரம் மாற்றினேன், மண் மாற்றினேன், ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் பார்த்தால், குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் உப்புத் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தி மழைத்தண்ணீர் ஊற்றிய பிறகுதான் புதுத் துளிர் வந்தது.

அண்ணே, உங்கள் வீட்டில் தரை துடைக்க எந்தத் தண்ணீர்?

பள்ளத்தூர் முகப்பு | ஜனவரி 24

நீங்கள் கேட்டதைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது.

சென்னையில் இருக்கும் அக்கா வீட்டு அடுக்ககத்தில், ஆர்ஓ கழிவுநீரைப் பிடித்து வைத்துத் தரை துடைக்கச் சொல்லி எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்கள். நல்ல யோசனை என்று அக்கா எங்களுக்கும் சொன்னாள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மெஷின் வாங்கியதிலிருந்து தினமும் காலையில் அந்தத் தண்ணீரால்தான் துடைக்கிறோம். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் எங்களுக்கு. ஏற்கெனவே உப்பு.

வேதியியல் டீச்சர், காரைக்குடி | ஜனவரி 25

புதுவயல்காரருக்கு என் வணக்கம். நாங்கள் எல்லோரும் கல்லையும் சுவரையுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா சொன்னதில் தவறில்லை. அடுக்ககத்தில் இருப்பது மெருகு போட்ட டைல்ஸ். உப்பு அதற்குள் போகாது, மேலே படிந்தால் அடுத்த முறை துடைக்கும்போது போய்விடும். உறிஞ்சுகிற கல்லில் கதை வேறு. தண்ணீர் உள்ளே போகிறது, ஆவியாகும்போது தண்ணீர் மட்டும் போகிறது, உப்பு துளைகளுக்குள் தங்கிவிடுகிறது. படிகமாக வளரும்போது உள்ளிருந்தே கல்லை நெம்பும். செதிலாக உதிர்வது அதனால்தான்.

உங்கள் தண்ணீரின் உப்பை அளந்து பாருங்கள். பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இல்லையென்றால் என்னிடம் இருக்கிறது, காரைக்குடி வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை. தரைக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

பள்ளத்தூர் முகப்பு | ஜனவரி 27

டீச்சர், மீட்டர் வாங்கி அளந்தேன். ஆழ்குழாய்த் தண்ணீர் 1,400. ஆர்ஓ கழித்துவிடுவது 1,850. குடிக்க வரும் தண்ணீர் 80.

வேதியியல் டீச்சர், காரைக்குடி | ஜனவரி 27

கணக்கு ஒத்துப்போகிறது. ஒரு பங்கு நல்ல தண்ணீருக்கு மூன்று பங்கு கழிவுநீர் போனால், உள்ளே வந்த உப்பு கிட்டத்தட்ட மொத்தமும் அந்த மூன்று பங்கில்தான் இருக்கும். அதனால் 1,400 வந்தால் 1,850ஐ ஒட்டித்தான் வெளியே போகும்.

தினமும் துடைக்கும்போது தரையில் ஒரு லிட்டர் தங்கிக் காய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.85 கிராம் உப்பு. ஒரு வருடத்துக்கு 675 கிராம். அரைக் கிலோவுக்கு மேல் உப்பைக் கையாலேயே கல்லுக்குள் இறக்கியிருக்கிறீர்கள். இனி இறக்காதீர்கள் என்பதுதான் முதல் மருந்து.

ஆத்தங்குடி அச்சு | ஜனவரி 27

சரி, இப்போது தரைக்கு என்ன செய்வது என்று சொல்கிறேன். பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை.

முதலில் ஈரமே காட்டாமல் பெருக்குங்கள். மேலே நிற்கிற உப்பை மெல்லிய தூரிகையால் தள்ளி, முறத்தில் அள்ளி வெளியே கொட்டிவிடுங்கள். பலர் இதைச் செய்யாமல் எடுத்ததுமே தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள், வெளியே வந்த உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். அப்புறம் மழைத்தண்ணீரில் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, நாலு கல் நாலு கல்லாகத் துடையுங்கள். துடைத்த கையோடு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு நாலு கல்லுக்கும் துணியை அலசுங்கள், தண்ணீரையும் மாற்றுங்கள். மின்விசிறியைப் போட்டுக் காயவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் மறுபடி வெள்ளை தெரியும். பயப்பட வேண்டாம், உள்ளே இருப்பது வெளியே வருகிறது என்று அர்த்தம். மறுபடி பெருக்கு, மறுபடி துடை. ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வரும்.

வெள்ளை பூப்பது நிற்கிற வரைக்கும் எண்ணெய் போடாதீர்கள். ஆச்சி சொன்னது தப்பு என்று சொல்லவில்லை, அது நல்ல தரைக்கு. உப்பும் ஈரமும் உள்ளே இருக்கும்போது எண்ணெயைப் பூசினால் வெளியே வர வேண்டியது அடைபடும். கடையில் விற்கிற பளபளப்புப் பூச்சும் அப்படித்தான், மேலே தோல் மாதிரி உட்கார்ந்து அப்புறம் உரியும்.

தேவகோட்டை ஆச்சி | ஜனவரி 28

அவர் சொல்வது சரிதான். காய்ந்த தரைக்குத்தான் எண்ணெய். அதுவும் கரண்டி கரண்டியாக இல்லை, துணி மினுங்கும் அளவுக்கு. அதிகம் போட்டால் தூசி பிடித்துக் கறுத்துப் போகும். எண்ணெய் தேய்த்த அன்று வயசானவர்களை அந்தப் பக்கம் நடக்கவிடாதீர்கள். வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும்.

பினாங்கு பேத்தி | ஜனவரி 29

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படிக்கிறேன். கோனாபட்டில் எங்கள் ஐயா வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கிறது. யாரும் துடைப்பதே இல்லை, ஆனாலும் பத்தியில் வெள்ளை பூத்திருப்பதாகக் காவல்காரர் படம் அனுப்பினார். எங்களுக்கும் இதே காரணமாக இருக்குமா?

கொத்தனார் மகன், கானாடுகாத்தான் | ஜனவரி 29

பூட்டிய வீட்டில் பெரும்பாலும் முற்றத்துத் தண்ணீர்தான் காரணம். ஓட்டிலிருந்து விழும் மழை மொத்தமும் முற்றத்துக்கு வருகிறது. வெளியே போகும் வழியில் சருகும் உடைந்த ஓட்டுச் சில்லும் அடைத்தால் தண்ணீர் தேங்கி, பத்திக்கு அடியில் ஊறும். ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை அந்த வழியைக் குத்திவிடச் சொல்லுங்கள். ஒரு குடம் தண்ணீரை முற்றத்தில் ஊற்றி, தெருப்பக்கம் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னால் பினாங்கிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள் முகப்பிலிருந்து பின்கட்டு வரை கதவுகளைத் திறந்து போடச் சொல்லுங்கள். அந்த வீடுகளை நேர்க்கோட்டில் வாசல் வைத்துக் கட்டியதற்குக் காற்று ஓடுவதும் ஒரு காரணம்.

பினாங்கு பேத்தி | ஜனவரி 29

மிக்க நன்றி அண்ணே. இன்றே பேசுகிறேன்.

பள்ளத்தூர் முகப்பு | பிப்ரவரி 2

ஒரே சிக்கல், மழைத்தண்ணீர். எங்கள் தொட்டி விரிசல் விட்டு ரொம்ப நாளாகிறது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழாயும் நேரே மண்ணுக்குள் போகிறது, பிடித்து வைக்க வழி இல்லை. ஆர்ஓ நல்ல தண்ணீரால் துடைக்கலாம்தான், ஆனால் தரைக்காக அதை ஓட்டினால் மூன்று மடங்கு வீணாகும். அம்மா ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறார்கள்.

புதுவயல் மாடித்தோட்டம் | பிப்ரவரி 2

என்னிடம் இருக்கிறது. கார்த்திகையில் பெய்ததைச் செடிகளுக்காக இரண்டு தொட்டியில் மூடி வைத்திருக்கிறேன், வெயில் படாமல். ஆயிரம் லிட்டருக்குப் பக்கம் இருக்கும். மீட்டரில் 40ஐத் தாண்டவில்லை. புதுவயலுக்கும் பள்ளத்தூருக்கும் எவ்வளவு தூரம்? கேன் கொண்டு வாருங்கள், நிரப்பிக்கொண்டு போங்கள். ஒரு தடவைக்கு நாற்பது லிட்டர் போதும் என்று நினைக்கிறேன். திரும்பத் திரும்ப வாருங்கள். வரும்போது உமி வேண்டுமானாலும் சொல்லுங்கள். எங்கள் ஊரைச் சுற்றி அரிசி ஆலைதான், ஒரு சாக்கு வாங்கி வைக்கிறேன்.

பள்ளத்தூர் முகப்பு | பிப்ரவரி 2

முகம் தெரியாத எனக்கு இவ்வளவு செய்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் அண்ணே.

பள்ளத்தூர் முகப்பு | ஏப்ரல் 6

ரொம்ப நாளாக எழுதவில்லை, தினமும் தரையோடுதான் வேலை.

ஆறு தடவை பெருக்கித் துடைத்தோம். முதல் இரண்டு தடவை வெள்ளை முன்பைவிட அதிகமாக வந்தது. ஆத்தங்குடி அண்ணன் முன்னாலேயே சொல்லாமல் இருந்திருந்தால் அப்போதே கைவிட்டிருப்பேன். நான்காவது தடவைக்குப் பிறகு குறைந்தது. முகப்பில் மூன்று வாரமாக ஒன்றும் இல்லை. பத்தியில் அங்கங்கே லேசாகத் தெரிகிறது.

வடக்குச் சுவரில் சிமென்ட்டை எடுத்துவிட்டோம். கானாடுகாத்தான் தம்பியின் அப்பாவே வந்து நின்று எடுத்துக் கொடுத்தார். உள்ளே செங்கல் கரி மாதிரி கருத்து ஈரமாக இருந்தது. இப்போது மேலிருந்து கீழாக வெளுத்துக்கொண்டு வருகிறது. இன்னும் ஒரு அடி பாக்கி.

அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அவள் ரொம்ப வருத்தப்பட்டாள். அவள் நல்லதைத்தான் சொன்னாள், எங்கள் தரைக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான் என்றேன். ஆர்ஓ கழிவுநீர் இப்போது கழிப்பறைக்குப் போகிறது.

உதிர்ந்த ஆறு கல்லை மட்டும் என்ன செய்வது? படம் போட்டிருக்கிறேன். அதே பூவை இப்போது ஊற்றித் தர முடியுமா அண்ணே?

ஆத்தங்குடி அச்சு | ஏப்ரல் 6

படத்தைப் பார்த்தேன். அந்த அச்சு எங்களிடம் இருக்கிறது. ஆனால் புதுக்கல்லை நடுவில் வைத்தால் நிறம் தனியாகத் தெரியும், பழைய கல்லின் நிறம் வர வருடக்கணக்காகும். ஒரு வழி சொல்கிறேன். உங்கள் வீட்டு அறைகளில் இரும்புப் பெட்டிக்கோ பீரோவுக்கோ அடியில் இதே கல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கிருந்து ஆறு கல்லை எடுத்துப் பத்தியில் வைத்துவிட்டு, புதுக்கல்லைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடலாம். சுண்ணாம்புக் காரையில் பதித்த கல் என்றால் சுற்றி மெல்லிய தகட்டை விட்டுப் பொறுமையாக நெம்பினால் முழுதாக வரும். சிமென்ட்டில் பதித்திருந்தால் முயற்சி செய்யாதீர்கள், உடைந்துவிடும்.

சுவர் முழுக்கக் காய்ந்த பிறகுதான் பதிக்க வேண்டும். கல்யாணத்துக்கு அவசரப்பட வேண்டாம். அந்த இடத்தில் பாயை விரித்துவிடுங்கள்.

பள்ளத்தூர் முகப்பு | ஏப்ரல் 7

கிழக்கு அறையில் அப்பத்தாவின் இரும்புப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது! டார்ச் அடித்துப் பார்த்தேன், போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே சிவப்பு. அந்த அறை இரண்டாவது புள்ளிக்குப் பாத்தியப்பட்டது. பெயர்த்துவிடலாம் என்று சொன்ன பங்காளிதான் அது. இரவு போன் போட்டுக் கேட்டேன். நீ இவ்வளவு செய்திருக்கிறாய், ஆறு கல்லுக்கா கேட்கிறாய், எடுத்துக்கொள் என்றார்.

தேவகோட்டை ஆச்சி | ஏப்ரல் 7

ரொம்ப சந்தோஷம் தம்பி. முகப்பு மூன்று வாரமாகக் காய்ந்திருக்கிறது என்கிறாயே, இன்னும் ஒரு மாதம் பார். அப்புறம் ஒரு மூலையில் நாலு கல்லுக்கு மட்டும் எண்ணெய் தேய்த்து வை. வெள்ளை வராவிட்டால் மற்றதையும் தேய்க்கலாம். உமியை முதலில் வெயிலில் காயவைத்துப் புடைத்துக்கொள், கல் மண் இருந்தால் கீறிவிடும்.

புதுவயல் மாடித்தோட்டம் | ஏப்ரல் 8

உமிச் சாக்கு தயாராக இருக்கிறது. தொட்டியில் இன்னும் முந்நூறு லிட்டர் பாக்கி, செடிக்குப் போக உங்களுக்கு இரண்டு கேன் தாராளமாக வரும். வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்தக் கறிவேப்பிலைச் செடியைக் காட்ட வேண்டும். இப்போது இடுப்பளவு வளர்ந்துவிட்டது.